ஈறில் ரத்தம் வந்தால் வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

ஈறு நோயில் மோசமான விஷயமே, அது ரொம்ப நாள் வலிக்காது என்பதுதான். எனக்கும் வலி இல்லை. துலக்கும்போது நுரையில் சிவப்பு, விடிந்ததும் வாயில் நாற்றம், கீழ் முன்பற்கள் நீண்டுவிட்டது போன்ற தோற்றம், அவ்வளவுதான். பல் நீளவில்லை, ஈறுதான் இறங்கியிருக்கிறது என்று காட்பாடியில் நான் பார்த்த பல் டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார்.

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் அளந்தார். 3 வரை கவலையில்லை. கடைவாயில் எனக்கு 5, 6 என்று வந்தது. எக்ஸ்ரேயில் அங்கே எலும்பும் குறைந்திருந்தது. வெறும் ஈறு வீக்கம் என்றால் முழுசாகச் சரியாகிவிடும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். உடனே சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, எடுக்கச் சொன்னார். சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஈறு ஆறாது, ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரையும் லேசில் இறங்காது.

"கிளீன் பண்ணா பல்லு ஆடிப்போயிடும், வேணாம்பா" என்றார் அம்மா. நம் வீடுகளில் நிறையப் பல் போவது இந்தப் பேச்சால்தான் என்று நினைக்கிறேன். பல்லைப் பிடித்து நிற்பது எலும்பு. பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரை பல்லைத் தாங்குவதில்லை, அதில் தங்கும் கிருமிகளால்தான் எலும்பே கரைகிறது. கெட்டியாகிவிட்ட காரை எந்த பிரஷ்ஷுக்கும் வராது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு பக்கமாக, ஈறுக்குக் கீழே வேர் வரை சுரண்டி எடுத்தார்கள். சத்தம்தான் அதிகம், வலி இல்லை. அதற்கப்புறம்தான் கஷ்டம். வேலூர் வெயிலில் பானைத் தண்ணீர்கூடக் கூசியது. காரை போய், வீக்கமும் வற்றியதால் பல்லிடுக்கில் சந்து தெரிந்தது. பயப்பட வேண்டாம், கூச்சம் மெல்ல அடங்கிவிடும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் கொப்பளியுங்கள், நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய அரை மணி கழித்துத்தான் அது. ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். மிருதுவான பிரஷ், இடுக்குக்குத் தனிச் சின்ன பிரஷ், இரவில் கட்டாயம்.

மறுபடி அளந்தபோது பெரும்பாலான இடங்கள் 3-க்கு வந்துவிட்டன. கடைசிப் பல்லில் ஒரு இடம் மட்டும் 5-இல் நிற்கிறது. இறங்காவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்குமாம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன்.

குடியாத்தத்தில் என் சித்தப்பா பீடி பிடிப்பவர். "எனக்கு ரத்தமே வர்றதில்லடா" என்கிறார். புகை ரத்தக் கசிவை அடக்கிவிடும், நோய் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.