வெயில் இல்லாத ஊரில் கோழிக்கு ஒரு தரை

சிவகங்கைப் பக்கம் கோழிக்குத் தரை போடுவது பற்றி யாரும் யோசித்ததில்லை. பகலெல்லாம் தோட்டத்தில் மேயும், இருட்டினால் பஞ்சாரத்தில் அடையும். எச்சம் விழுந்த இடத்தை மறுநாள் வெயில் காயவைத்துவிடும். லண்டனின் வடமேற்கில் ஹாரோவில் குடியேறி, கொல்லையில் நான்கு கோழிகள் வளர்க்க இடம் பார்த்தபோதுதான் அந்த வெயில் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது புரிந்தது. இங்கே அந்த வேலையைத் தரைதான் செய்தாக வேண்டும்.

இங்குள்ளது கெட்டியான களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் மழைத் தண்ணீரைக் கீழே விடாது. கோழிகள் கிளறக் கிளறப் புல் போய், சேறும் எச்சமும் கலந்துவிடும். இரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி பெருகுவதற்கு அந்த ஈரம்தான் வசதி. அம்மோனியா நெடி வேறு. கோழியின் கண்ணும் மூச்சும் அதில்தான் முதலில் கெடும்.

அதனால் கூரையிலிருந்து தொடங்கினோம். வெளிச்சம் புகும் நெளிவுத் தகடுகளைச் சரிவாக வேய்ந்து, விளிம்பில் குழாய் வைத்து மழைநீரைப் பீப்பாய்க்குத் திருப்பினோம். இன்னொரு காரணமும் உண்டு. பறவைக் காய்ச்சலுக்காக 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுவதும் கோழிகளை அடைத்தே வைக்க அரசு உத்தரவிட்டிருந்தது. அப்படி ஒரு குளிர்காலம் திரும்பவும் வந்தால், கோழிகளுக்கு உலகமே அந்த அடைப்புக்குள்தான்.

தரைக்கு என்ன போடுவது? வைக்கோல் நனைந்தால் படிந்து பூஞ்சை பிடிக்கும். சிமெண்ட் தரையை நரியும் எலியும் தோண்ட முடியாது, கழுவுவதும் சுலபம். ஆனால் நாளெல்லாம் கிளறி வாழும் உயிருக்கு அது தண்டனை, பாதத்திலும் புண் வரும். கூரைக்குக் கீழே பருமணல் நன்றாகவே இருக்கும், தினமும் சல்லடையால் எச்சத்தை அள்ள ஆள் இருந்தால். தோட்டக் கடைகளில் மூட்டையாக விற்கும் மரப்பட்டைத் துண்டுகள் பார்க்க அழகு. ஆனால் ஈரப்பட்டையில் வளரும் பூஞ்சையின் வித்துகள் கோழியின் நுரையீரலைத் தாக்கும். பட்டை வேண்டவே வேண்டாம் என்றார் நெடுநாளாகக் கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

நாங்கள் போட்டது பட்டை நீக்கிய கடின மரச் சில்லுகள், அரை அடி உயரத்துக்கு. ஈரம் சில்லுகளின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும், மேற்புறம் காய்ந்தே இருக்கும். வாரம் ஒரு முறை முள்வாரியால் கிளறிவிட்டு, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பேன். மர வாசனை வந்தால் சரி. நெடி அடித்தாலோ விரலிடுக்கில் நீர் கசிந்தாலோ அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித்தான் எப்போதும் முதலில் கெடும். அதைச் செங்கல் மேல் ஏற்றி வைத்ததில் பாதித் தொல்லை குறைந்தது. மூலையில் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்த தொட்டி இருக்கிறது. கோழிகள் அதில் சரிந்து படுத்து, இறக்கையை விரித்து மண்ணை வாரி உடம்பில் போட்டுக்கொள்வதைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும்.

ஹாரோவில் நரி பட்டப்பகலிலேயே மதில் மேல் நடக்கும். ஆகவே வலை அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி. அடியில் வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்திருக்கிறோம்.

“மிஞ்சிய சோற்றைக் கோழிக்குப் போடாமல் குப்பையிலா கொட்டுகிறாய்?” என்று அம்மா தொலைபேசியில் கடிந்துகொண்டார். வீட்டுச் சமையலறையில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவது இங்கே சட்டப்படி குற்றம் அம்மா, என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. தோட்டத்திலிருந்து நேரே பறித்த கீரையைக் கொடுக்கலாம் என்றதும்தான் கொஞ்சம் சமாதானமானார். தரையில் சோறு சிதறாமல் இருப்பதில் எனக்கும் நிம்மதி. எலி வருவது அதைத் தேடித்தான்.

பங்குனியில் பழைய சில்லுகளை முழுவதும் வாரி எரு மேட்டில் போடுகிறோம். கோழி எச்சம் உடனே இட்டால் செடியைக் கருக்கும். பல மாதம் மக்கவிட வேண்டும். அடுத்த கோடையில் வெந்தயக் கீரைக்கும் பூசணிக்கும் அந்த எருதான்.