ஹோட்டல் சி.எஸ்.ஆர். ஆய்வுக்காக நீலகிரியில் அலைந்த அனுபவம்

சுற்றுலாத் துறையில் நிறுவன சமூகப் பொறுப்பு, அதாவது சி.எஸ்.ஆர்., பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து முடிக்க எனக்கு ஐந்தரை வருடம் ஆனது. கோயம்புத்தூரில் கல்லூரி வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்தேன். இதே தலைப்பை எடுக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் முதலில் வைத்த தலைப்பு 'நீலகிரி மாவட்ட ஹோட்டல்களில் சி.எஸ்.ஆர். செலவினம்'. சட்டத்தை ஒழுங்காகப் படிக்காமல் வைத்த தலைப்பு அது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவு எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தாது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிதான், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் நான் பட்டியல் போட்ட விடுதிகளில் பெரும்பாலானவை குடும்பமாக நடத்துபவை, இருபது முப்பது அறைகள் கொண்டவை. அவற்றில் பல கம்பெனியாகவே பதிவாகாதவை. பெரிய குழும ஹோட்டல்களுக்குச் சட்டம் பொருந்தும், ஆனால் அந்தக் கணக்கு தலைமை அலுவலகத்தில் இருக்கும். எவ்வளவு பணம், எந்த ஊருக்குப் போனது என்பது மலைமேல் இருக்கிற மேலாளருக்குத் தெரியாது.

நெறியாளரிடம் போய் நின்றேன். "சட்டம் சொல்றதை மட்டும் அளந்தா உனக்கு ஹோட்டலே கிடைக்காதும்மா. அந்த ஹோட்டலால ஊருக்கு என்ன ஆகுதுன்னு பாரு" என்றார். அந்த ஒரு சொல்லில் ஆய்வே திரும்பியது. பொருளாதாரம், சட்டம், அறம், கொடை என்று நிறுவனப் பொறுப்பை நான்கு அடுக்காகப் பிரித்து ஆர்ச்சி கேரல் 1991இல் வரைந்த பிரமிடை அடிப்படையாக எடுத்துக்கொண்டு கேள்விப் படிவம் தயாரித்தேன்.

முன்னோட்ட ஆய்வுக்கு 30 படிவம் கொடுத்தேன். 'எங்கள் ஹோட்டல் உள்ளூர் மக்களின் நலனில் அக்கறை கொண்டுள்ளது' போன்ற வாக்கியங்கள், 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒருவர் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருந்தார், அடுத்தவர் எல்லாவற்றுக்கும் 4. மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக். கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அளவுக்கு குரோன்பாக் ஆல்ஃபா என்று பெயர். கணினியில் போட்டுப் பார்த்தால் அது 0.96. நம்பகத்தன்மைக்கு 0.7 போதும் என்பார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நெறியாளர் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கேள்வியைப் படிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று விளக்கினார். ஆறு மாத உழைப்பு அது. அன்றைக்கு நிஜமாகவே அழுதேன்.

அப்புறம் படிவத்தை முழுசாக மாற்றினேன். கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு நடப்பைக் கேட்டேன். கேரட்டும் பீட்ரூட்டும் யாரிடம் வாங்குகிறீர்கள்? போன ஏப்ரலில் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினீர்கள்? ஊழியர்களில் எத்தனை பேர் இந்த மாவட்டத்துக்காரர்கள்? எத்தனை பேருக்கு பி.எஃப். பிடிக்கிறீர்கள்? அதே கேள்விகளை மறுபக்கமும் கேட்பது என்று முடிவு செய்தேன். அறை சுத்தம் செய்பவர்கள், காய்கறி விவசாயிகள், பக்கத்துத் தெருக்காரர்கள்.

எந்த மாதம் போகிறோம் என்பது மிக முக்கியம். நான் முதல் தடவை மே மாதம் போனேன். மலர்க் கண்காட்சி நேரம். வரவேற்பறையில் நிற்கவே இடமில்லை. ஒரு ரிசார்ட்டில் வாசல் காவலறையிலேயே இரண்டு மணி நேரம் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை, ஆகஸ்ட் மழையில் போனபோது அதே மாதிரி இடங்களில் டீ கொடுத்துப் பேசினார்கள்.

என் ஆய்வின் உயிரான பகுதி கோத்தகிரி பஸ்ஸில்தான் கிடைத்தது. ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டக் குடும்பம். ஆய்வு என்று சொன்னதும் அவராகவே பேசினார். "எங்க கம்பெனி ஸ்கூலுக்கு பெஞ்ச் வாங்கிக் குடுத்தாங்க. நல்லதுதான். ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடிஞ்சா எங்க ஊருக்கு பஸ் இல்லம்மா. ஒரு வேன் விட்டா போதும்."

வீட்டுக்கு வந்து விதிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 2021இல் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின்படி, தன் ஊழியர்களுக்குப் பயன் தரும் செலவை நிறுவனம் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. பெஞ்ச் கணக்கில் வரும், வேன் வராது. விதி நியாயமானதுதான், இல்லாவிட்டால் சம்பளத்தையே சமூக சேவை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஆண்டறிக்கையை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் அந்த வேன் நம் கண்ணில் படவே படாது. அதற்காக என் அட்டவணையில், சட்டப்படியான சி.எஸ்.ஆர். பத்திக்கு (column) அருகில் தனிப் பத்தி ஒன்று சேர்த்தேன். தண்ணீரும் கழிவும் உள்ளூர்க் கொள்முதலும் அதே பத்திக்குள் வந்தன.

காய்கறிக் கதையையும் சொல்ல வேண்டும். கேத்தி பக்கம் கேரட் போடும் ஒரு ஐயா, தன் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதைச் சொன்னார். தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரிகிற ஹோட்டலுக்கு அவர் ஒரு கிலோகூட நேரடியாகக் கொடுத்ததில்லை. தினமும் ஒரே அளவு, ஒரே தரம் வேண்டும் என்பது ஹோட்டல் பக்க நியாயம்.

இதற்கு வழி உண்டா என்று பார்க்கத்தான் குமரகம் போனேன். கேரளம் 2008 வாக்கில் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் பொறுப்புச் சுற்றுலாவை, அதாவது உள்ளூர் மக்களுக்கும் பயன் தரும் சுற்றுலாவை, சோதித்துப் பார்த்தது. குமரகத்தில் குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் குழுத் திட்டத்துப் பெண்கள் குழுக்களாகப் பயிரிட்டு ஹோட்டல்களுக்குக் காய்கறி கொடுத்தார்கள். பஞ்சாயத்தும் ஹோட்டல்களும் ஒன்றாக உட்கார்ந்து விலையும் அளவும் பேசின. தனித்தனி விவசாயியால் தர முடியாத சீரான வரத்தை ஒரு குழு தந்தது. 2013ஆம் ஆண்டுக்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது கேரளத்துக்குக் கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். வேம்பநாட்டுக் காயல் கரையில் நின்று இதைக் கேட்டபோது, நம் மலையிலும் முடியுமே என்ற ஏக்கம் வந்தது. இன்னும் இருக்கிறது.

எழுதும் கட்டத்தில் சொல்ல ஒன்றுதான். திருட்டு எழுத்துப் பரிசோதனையில், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு முதலில் 19 வந்தது. சட்ட வாசகங்களை அப்படியே போட்டதுதான் காரணம். அவற்றை மேற்கோளுக்குள் வைத்து, மற்றதைச் சொந்த நடையில் எழுதியதும் சரியானது.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அந்த வேன் பற்றியதுதான். சட்டப்படி சி.எஸ்.ஆர். இல்லாததை ஏன் சேர்த்தீர்கள் என்றார். இரண்டு பத்தியும் அருகருகே இருந்த அட்டவணையைக் காட்டிப் பேசினேன். அரை மணி நேரம் அதிலேயே போனது.

பட்டம் வந்தபின் ஆய்வை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக அச்சடித்து, பேசிய எல்லோருக்கும் கொடுக்கப் போனேன். குன்னூரில் சின்ன விடுதி நடத்தும் ஒருவர் நின்றபடியே படித்துவிட்டு, கேத்தி ஐயாவின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். அவரிடம் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? அங்கிருந்தே ஐயாவுக்குப் போன் போட்டேன். "குடும்மா. ஆறு மணிக்கு முன்னாடி கூப்பிடச் சொல்லு, அப்புறம் நான் தோட்டத்துல இருப்பேன்" என்றார்.