முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள்

இணையத் தரநிலைகளைத் தாங்கிவரும் ஆர்எஃப்சி ஆவணங்களின் முதல் பக்கத்தில் பொதுவாக ஐந்து பேருக்கு மேல் ஆசிரியர்களாக இடம்பெறக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 7322 வரையறுக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ரவுட்டர் மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கும் நான், இவ்விதியால் ஒருமுறை ஆறாவது ஆளாக வெளியே நின்றவன். ஒரு முழுப் பகுதியை எழுதியிருந்ததால் அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் என்னைவிட என் மேலாளருக்குத்தான் வருத்தம் அதிகம்; ஆசிரியர் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயரும் அச்சாகும் என்பதால் அவருடைய கண் முழுவதும் அந்த இரண்டாவது வரியில்தான் இருந்தது.

அடுத்த ஆவணத்தில் ஐவரில் ஒருவனாக இடம் கிடைத்த பிறகே விதியின் நியாயம் புரிந்தது. வெளியீட்டுக்கு முந்தைய கடைசிக் கட்டத்தை ஆத்-48 என்பார்கள். 48 மணி நேரத்தில் ஆசிரியர்கள் சரிபார்த்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். நடப்பில் அது வாரக்கணக்கில் நீள்வதுண்டு. முதல் பக்கத்தில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்புதல் எழுதினால்தான் ஆவணம் நகரும். எங்களில் ஒருவர் வேலை மாறியதில் அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரி செயலிழந்துவிட்டது. இன்னொருவர் கலிபோர்னியாவில் இருந்ததால், இங்கே காலையில் எழும் ஐயத்துக்கு மறுநாள்தான் விடை வரும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் வடம் பிடிப்பதாகச் சொன்ன ஒருவர் வராவிட்டாலும் இந்தத் தேர் நிலையை விட்டு அசையாது.

ஹிக்ஸ் என்னும் அடிப்படைத் துகளின் நிறையை அளவிட்ட 2015ஆம் ஆண்டு இயற்பியல் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கே சென்றன. அங்கே பெயர் என்பது உழைப்புக்கான அங்கீகாரம். தரநிலை ஆவணத்திலோ, பல ஆண்டுகள் கழித்து அதைப் படித்து மென்பொருள் எழுதும் ஒருவர், ஒரு வரியின் பொருள் விளங்காமல் கேள்வி அனுப்பும்போது பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதையே முதல் பக்கம் காட்ட வேண்டும். இணையத்தில் தரவு விடுபடாமல் போய்ச்சேர வழிசெய்யும் டிசிபி நெறிமுறையின் 1981ஆம் ஆண்டு ஆவணத்துக்கு மாற்றாக 2022இல் வந்த ஆர்எஃப்சி 9293, பலருடைய உழைப்பைத் தாங்கியும், ஒரே பதிப்பாசிரியரின் பெயருடன்தான் வெளியானது.

விதி முரட்டுத்தனமானதும் அன்று. ஐந்துக்கு மேல் கேட்டால், ஓரிருவரைப் பதிப்பாசிரியர்களாக்கி மற்றவர்களைப் பங்களிப்பாளர் பகுதிக்கோ நன்றியுரைக்கோ மாற்ற இயலுமா என்று ஒப்புதல் தரும் அமைப்பு ஆராய வேண்டும். சிக்கல் நம் பக்கத்தில்தான் இருக்கிறது: கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் கடைசியில் வந்தால் முகம் சுளிப்பது போலவே, பதவி உயர்வுப் படிவங்களும் பங்களிப்பாளர் பகுதியைப் பொருட்படுத்துவதில்லை.

இப்போது எழுதிவரும் வரைவில் ஏழு பேர் இருக்கிறோம். இருவர் மட்டும் பதிப்பாசிரியர்களாக இருப்பது, ஐவர் பங்களிப்பாளர் பகுதிக்குச் செல்வது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டோம். அந்த ஐவரில் நானும் ஒருவன். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.