விட்டுட்டுப் போன படகுலயே அவ முகம்

கிரேக்கக் கதைல வர்ற பொம்பளைங்கள இப்ப ஆளாளுக்குப் புதுசா வரையறாங்க. பாதிக்குப் பாதி எனக்குப் பிடிக்கறதில்ல, புருவத்த நெரிச்சு முறைக்க வச்சுட்டா புதுசாயிருமா என்ன. லூசியானோ கார்பாட்டி செஞ்ச மெடூசா சிலை, கதைல அவ தலைய வெட்டுன பெர்சியஸோட தலைய இவ கையில தூக்கிக்கிட்டு நிக்குமே, 2020ல நியூயார்க் கோர்ட்டுக்கு எதிர்ல கொண்டாந்து வச்சாங்க, அது ஒரு போடு போட்டுச்சு, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் வந்ததுல நிறைய அதோட ஜெராக்ஸ் தான். ஆனா எங்க அக்கா பொண்ணு இந்த சம்மர்ல அரியாட்னிய ஒரு பழைய படகுப் பாய்ல வரையறேன்னு உக்காந்தா பாருங்க, அத நான் அப்படித் தள்ளிவிட முடியல, ஏன்னா இந்தக் கதைல பாய்ங்கறது சும்மா துணி இல்ல.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். க்ரீட் தீவு ராஜா மினோஸோட பொண்ணு அரியாட்னி. பாதி மாடு பாதி மனுஷனான மினோட்டார ஒரு சுத்துப்பாதைக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க, ஏதென்ஸ்ல இருந்து வர்ற பசங்க தான் அதுக்கு இரை. அதுல ஒருத்தனா வர்ற தீசியஸ் மேல இவளுக்கு ஆசை வந்து ஒரு நூல்கண்டு குடுக்கறா, அத வாசல்ல கட்டிட்டு உள்ள போய் மாட்டக் கொன்னுட்டு நூலப் பிடிச்சே வெளிய வந்துடறான். அப்பன் வீட்ட விட்டுட்டு அவன்கூட கப்பல் ஏறிடறா. வழில நக்ஸோஸ் தீவுல இறங்குறாங்க, இவ தூங்கறா, முழிச்சுப் பாத்தா கப்பல் தூரத்துல போயிட்டிருக்கு.

இத சொல்லி முடிக்கறதுக்குள்ள எங்கம்மா, "இது நம்ம தமயந்தி கதையில்லடா?"ன்னுச்சு. அட ஆமால்ல. காட்டுக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே துணி, அதுல பாதிய அறுத்து எடுத்துக்கிட்டு தூங்கறவள விட்டுட்டு நளன் போயிடறான், நளவெண்பா படிச்சவங்களுக்கு அந்த இடம் மறக்காது. அங்கயும் தூக்கம், அங்கயும் துணி. ஆனா நளன் திரும்பி வந்துட்டான், அவனுக்கு சனி பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லியாவது சமாளிக்கலாம். தீசியஸ் வரவே இல்ல. டையோனிசஸ்ங்கற சாமி வந்து அரியாட்னிய கட்டிக்கிட்டு அவ கிரீடத்த வானத்துல நட்சத்திரமா வச்சுதுன்னு ஒரு முடிவு, ஆர்ட்டிமிஸ்ங்கற பெண் தெய்வம் அவளக் கொன்னுடுச்சுன்னு பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் சொல்றது இன்னொரு முடிவு.

இப்ப பாய் விஷயத்துக்கு வர்றேன். தீசியஸ் கிளம்பறப்ப கப்பல்ல கருப்புப் பாய், உயிரோட திரும்பி வந்தா வெள்ளைப் பாய் ஏத்துன்னு அப்பா ஏஜியஸ் சொல்லி அனுப்பியிருக்காரு. (வெள்ளை இல்ல, செக்கச் செவேல்னு சிவப்புப் பாய்னு சொன்ன கவிஞரும் உண்டு.) இவன் மாத்த மறந்துட்டான், கரைல நின்னு பாத்த பெரியவரு மகன் செத்துட்டான்னு நினைச்சு குதிச்சு செத்துட்டாரு, அதனால தான் அந்தக் கடலுக்கு ஏஜியன்னு பேரு. ஏன் மறந்தான்? இங்க தான் சமாச்சாரம். கட்டல்லஸ்னு ஒரு ரோமானியக் கவிஞர், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்துன ஆளு, அவரு சொல்றாரு அது அரியாட்னி விட்ட சாபம்னு. என்ன மறந்த அதே மனசோட போய் உன் வீட்டயும் அழிச்சுக்கோன்னு கரைல நின்னு கத்தறா, சாமிங்களுக்கெல்லாம் ராஜாவான ஜூபிடர் தலையாட்டிடறாரு, அவனுக்கு பாய் ஞாபகமே வரல. "வயிறெரிஞ்சு விட்ட சாபம் பலிக்காமப் போகுமா"ன்னு எங்கம்மா கேட்டுச்சு, கட்டல்லஸ் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. ஆக அந்தக் கருப்புப் பாயே அவ வேலை தான், அவ படத்துக்கு அத விட வேற எது பொருத்தமான துணி சொல்லுங்க.

நம்ம மாவட்டத்துல பாய்மரத்த எங்க பாக்கறது. ஏற்காடு ஏரில பெடல் போட்டு, துடுப்பு போட்டு, மேட்டூர் பக்கம் போனா பரிசல், அவ்ளோதான். அதனால சென்னைல படகு ஓட்டற யாரோ தூக்கிப்போட இருந்த பாய வாங்கிட்டு வந்திருந்தா. ஆப்டிமிஸ்ட்னு சொல்ற, சின்னப் பசங்க ஓட்டக் கத்துக்கற குட்டிப் படகோடது, முக்கோணம் மாதிரி இருக்கும்னு நினைச்சா நாலு மூலை இருக்கு, ஒரு குச்சிய குறுக்க குடுத்து மேல் மூலைய தள்ளி நிறுத்துவாங்களாம். பாலியெஸ்டர் துணி, புதுசுல பேப்பர் மாதிரி மொடமொடன்னு இருக்குமாம், இது வெயில்ல வெந்து தொளதொளன்னு ஆயிருந்துச்சு. ஏற்காட்டுல அக்கா வீட்டு மொட்டை மாடில விரிச்சு நாலு பக்கமும் செங்கல் வச்சு வரைய ஆரம்பிச்சா. அக்ரிலிக்க தண்ணியா கரைச்சு மெல்லிசா தான் போடணும், கெட்டியா அப்புனா காத்துல படபடன்னு அடிக்கறப்ப பொரிஞ்சு உதிர்ந்துடும்.

நான் கூட்டிட்டுப் போன எங்க பெரியப்பா அந்தக் காலத்துல சேலத்து தியேட்டருங்களுக்கு சினிமா பேனர் வரைஞ்சவரு. காடா துணிய சட்டத்துல அடிச்சு, கட்டம் போட்டு, ஆள் உசரக் கண்ணு வரைஞ்ச கை. இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தி வராம தாண்டி வந்து இறங்குனதும் ஒரு டீய குடிச்சுட்டு பாய சுத்திச் சுத்திப் பாத்தாரு. பேனர கீழ இருந்து அண்ணாந்து பாப்பாங்க, அதனால மேல போகப் போக தலைய கொஞ்சம் பெருசா வரையணும், இல்லனா தலை சிறுத்துத் தெரியும்னு சொன்னாரு. அதவிட முக்கியமா ஒண்ணு கேட்டாரு, "காத்து அடிச்சா துணி வயிறு தள்ளுமே, தாடை எங்க போய் நிக்கும்னு பாத்தியா கண்ணு?" அவ பாக்கல. சாயங்காலம் ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல கட்டிப் பாத்தா, மலைக்காத்துல பாய் உப்புனதும் கன்னம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு அரியாட்னிக்கு பல்வலி வந்த மாதிரி ஆயிருச்சு. எல்லாரும் சிரிச்சோம், அவளுந்தான். அப்புறம் உப்பியிருக்கற நிலைலயே பென்சில்ல குறி வச்சு மூஞ்சிய அழிச்சுத் திரும்ப வரைஞ்சா. இப்ப துணி தொங்குனா முகம் கோணலா இருக்கும், காத்து வந்தா தான் சரியாகும். இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

அவ வரைஞ்ச அரியாட்னி தூங்கல, முறைக்கவும் இல்ல. சாதாரணமா, பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணு மாதிரி நிக்கறா. கையில நூல்கண்டு. அந்த சிவப்பு நூல் இடுப்பச் சுத்தி கீழ இறங்கி பாயோட கீழ் மூலைல இருக்கற ஓட்டை வரைக்கும் வருது, அந்த ஓட்டைல தான் நிஜக் கயிறு போட்டு பாய கீழ்க்கட்டையோட கட்டுவாங்க, அந்தக் கட்டைல இருந்து தான் படகு ஓட்டறவன் கையில பிடிச்சு பாய இழுத்தும் விட்டும் ஓட்டற கயிறு வருது. ரெண்டு கயித்துக்கும் அதே சிவப்புல சாயம் ஏத்தியிருக்கா. வரைஞ்ச நூல் அப்படியே நிஜக் கயிறாயிடுது. இன்னொன்னு, வெயில் அந்தப் பக்கம் இருந்தா துணில வெளிச்சம் ஊடுருவி பின்னாடி இருந்தும் உருவம் தெரியுது, இடம் வலமா மாறி. கரைல நிக்கறவனும் பாப்பான், உள்ள உக்காந்திருக்கறவனும் பாக்காம இருக்க முடியாது.

டிஷியன் வரைஞ்ச அரியாட்னி படம் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு, 1520லருந்து 1523க்குள்ள வரைஞ்சது. நெட்ல பெருசு பண்ணிப் பாருங்க, இடது ஓரத்துல அவ தோளுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பாய் தெரியும், அதான் தீசியஸ் போற கப்பல். காலங்காலமா ஓவியங்கள்ல அவ பெருசு, பாய் புள்ளி. இங்க பாய் தான் மொத்தப் படமும். டிஷியன் ஊரான வெனிஸ்ல ஓவியருங்க மரப்பலகைய விட்டுட்டு கேன்வாஸுக்கு மாறுனதே ஈரக்காத்து ஒரு காரணம், கப்பல் கட்டற ஊருங்கறதால பாய்த்துணி ஈஸியா கிடைச்சது இன்னொரு காரணம், அதனால இவ ஒண்ணும் புதுசா பண்ணல, துணிய அதோட பழைய வேலைக்குத் திருப்பி அனுப்பறா. 1975ல டேனியல் பியூரன்னு ஒரு பிரெஞ்சுக் கலைஞர் பெர்லின் வான்சே ஏரில இதே ஆப்டிமிஸ்ட் படகுங்களுக்கு கோடு போட்ட பாய் கட்டி ரேஸ் விட்டாரு, ஜெயிச்ச வரிசைப்படியே பாய்ங்கள உள்ள கொண்டாந்து மாட்டி எக்ஸிபிஷன் வச்சாரு. கோடு தான், ஆள் கீள் கிடையாது.

அதுக்கும் முன்னாடி ஏதென்ஸ்லயே உண்டு. நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பெரிய திருவிழால அதீனா அம்மனுக்கு பொண்ணுங்க தறில நெய்ஞ்ச சேலைய, அதுல ராட்சசங்க கூட சாமி சண்டை போடற படமெல்லாம் நெய்ஞ்சிருக்கும், சக்கரம் வச்ச கப்பல்ல பாய் மாதிரி ஏத்தி ஊர்வலமா கொண்டு போவாங்க. ஆடில சேலம் குகை மாரியம்மன் கோவில் வண்டி வேடிக்கை பாத்து வளந்தவங்களுக்கு இத விளக்கணுமா, வண்டில சாமி வேஷம் கட்டி நிக்கறத ராத்திரி முழுக்க முண்டியடிச்சுப் பாக்கறவங்க தான நாம.

பிடிக்காததும் சொல்லணும்ல. கீழ ஒரு கால்வாசிக்கு கருப்பு அடிச்சிருக்கா, கருப்புப் பாய ஞாபகப்படுத்தறாளாம். அது வேண்டாம்னு சொன்னேன், கதை தெரிஞ்சவனுக்குத் தேவையில்ல, தெரியாதவனுக்கு அது வெறும் பார்டர். "போங்க மாமா"ன்னுட்டா. பெரியப்பா அவரு பங்குக்கு, ஃப்ளெக்ஸ்ல பண்ற மாதிரி அங்கங்க அரைவட்டமா கிழிச்சு விடு, காத்து பூந்து போயிரும், துணி தாங்கும்னாரு. காத்து பூந்து போனா படகு எப்படி தாத்தா போகும்னு கேட்டா, மனுஷன் வாழ்க்கை முழுக்க காத்தோட சண்டை போட்டவரு, காத்து வேணும்னு ஒருத்தி சொல்றத அன்னிக்குத் தான் கேக்கறாரு போல, கொஞ்ச நேரம் பேசல.

படகு இன்னும் கிடைக்கல, பாய் சுருட்டி அக்கா வீட்டுப் பரண்ல இருக்கு. எங்கம்மாவுக்கு மட்டும் குறை தீரல. "அந்தப் படுபாவியையும் ஒரு ஓரத்துல வரைடி, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற மாதிரி."

"அவன் கீழ படகுல தான அம்மாயி இருக்கப் போறான், கயித்தப் பிடிச்சுக்கிட்டு."

"யாரு, ஓட்டறவனா? அவன் என்னடி பண்ணான் பாவம்"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.