காற்றாடிமலையில் ஒரு தவக்கால வெள்ளி

நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். புனிதர் கல்லறை, திருப்பயணம், நேர்ச்சை எல்லாம் எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. மைனி மட்டும் நாகர்கோவில் கோட்டாறு பக்கத்துக் கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவர். அண்ணனைக் கட்டி எங்கள் சபைக்கு வந்த பிறகும், தவக்காலத்தில் ஒரு வெள்ளியை, விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளைக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுவார். இந்த முறை அண்ணனுக்கு முட்டுவலி. "தம்பி, நீங்க வாறியளா?" என்றார். கிளம்பிவிட்டேன்.

முதலில் கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல்முறை. வயதான அம்மா ஒருவர் ஜெபமாலையைக் கல்லறை மேல் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திரும்ப எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வாய் திறந்து எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் சபையில் நாங்கள் ஜெபத்தில் நிறையப் பேசுவோம். அது நினைவுக்கு வந்தது.

வடசேரியில் தக்கலை பஸ் ஏறி புலியூர்க்குறிச்சி போகும் வழியில்தான் தரகர் கூப்பிட்டார். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் குமரி மாவட்டத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வேலை இருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனாலும் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்பதை, கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுகிறோம். "நீங்க ஒண்ணும் கேக்கவே வேண்டாம் சார். அவங்களே மனசாரப் போடுறாங்க. கர்த்தர் திறக்குற வாசலை நாம அடைக்கக் கூடாது" என்றார் தரகர். ஜெபிச்சுட்டுச் சொல்றேன் என்று போனை வைத்தேன். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மைனி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உருட்டுவது நின்றிருந்தது.

புலியூர்க்குறிச்சியில் இருப்பது முட்டிடிச்சான் பாறை. காவலர்கள் இழுத்து வந்தபோது தாகத்தில் தவித்த தேவசகாயம், ஜெபித்துவிட்டு முழங்கை முட்டால் பாறையில் இடித்தார், தண்ணீர் சுரந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. தண்ணீரை இன்றும் ஜனங்கள் பாட்டிலில் பிடித்துப்போகிறார்கள். எனக்கு அதைவிட எதிரில் இருக்கும் உதயகிரிக் கோட்டை மேல்தான் கண் போனது. நட்டாலத்தில் 1712-ல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்த தேவசகாயம் திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் இந்தக் கோட்டையில்தான் இருந்தார், கல்லறையும் இங்கேயே. வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து பிள்ளை மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்குச் சொன்னது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள்.

அந்தச் சித்திரவதையைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அவருக்கு வந்த பெரிய சோதனை மிளகாய்ப்பொடி இல்லை என்றே எனக்குப் படுகிறது. விசுவாசத்தை விட்டுவிட்டால் போதும், பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்கும். வேலை, மதிப்பு, வீடு, சொந்த ஜனம். இதில் எது பாவம்? எல்லாமே ஏற்கெனவே அவருடையவைதான். திருடு, கொல்லு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போ" என்றார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் அந்தக் கதவு திறந்தே இருந்திருக்கிறது.

எங்கள் பிரசங்கங்களில் சோதனை என்றால் குடி, சினிமா, செல்போன். பவுன் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. வனாந்தரத்தில் இயேசுவிடம் பிசாசு முதலில் பேசியது அப்பத்தைப் பற்றி. நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு அப்பம் வேண்டாமா? அப்புறம் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, சங்கீதத்திலிருந்தே வசனம் எடுத்துப் பேசுகிறான். தரகரும் வசனத்தோடுதான் வந்தார். இயேசு ஒவ்வொன்றுக்கும் "எழுதியிருக்கிறதே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுக்கவில்லை. அதற்குப் பிறகும் பிசாசு "சிலகாலம்" விலகிப்போனான் என்றுதான் லூக்கா எழுதுகிறார். அந்தச் சிலகாலம் என்ற சொல் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

திரும்பி வடசேரி வந்து ஆரல்வாய்மொழி பஸ். பஸ் ஸ்டாண்டு கடையில் சால்னா வாசனை தூக்கியது. மைனி வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார். பதனீரும் மட்டிப்பழமுமாக மதியத்தை முடித்தார். நானும் அதையே சாப்பிட்டேன், பக்தியால் அல்ல, மைனிக்குப் பயந்து.

காற்றாடிமலைக்குப் பேர் சும்மா வரவில்லை. கணவாய் வழியாக வரும் காற்று ஆளைத் தள்ளுகிறது. முப்பந்தல் பக்கம் கண் போகிற தூரமெல்லாம் காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று அவரை இங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன் முழங்காலிட்டு ஜெபித்த இடம் என்று பாறையில் பதிந்த தடங்களைக் காட்டுகிறார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் முழங்காலை அந்தக் குழியில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணியடிச்சான் பாறை. அவர் உயிர் போன நேரத்தில் மேலிருந்து ஒரு பாறை உடைந்து விழுந்து மணிபோல ஒலித்ததாம். ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினேன். வெண்கலத்தில் தட்டியதுபோல் கணீரென்றது. எனக்குப் பின்னால் நின்ற பையன் பொறுமையில்லாமல் கல்லைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

மைனி முழங்கால் தடத்தின் அருகே உட்கார்ந்து, பஸ்ஸில் நின்றுபோன ஜெபமாலையை விட்ட மணியிலிருந்தே தொடர்ந்தார். அதில் பெரிய உருக்கமோ கண்ணீரோ இல்லை. நடுவில் என் வேட்டியில் ஒட்டிய முள்ளைக் காட்டி எடுக்கச் சொன்னார், மறுபடி மணிக்குப் போனார். கர்த்தரோடு கிட்ட இருப்பது என்று நாங்கள் கன்வென்ஷன் கூட்டங்களில் உணர்ச்சியோடு கேட்பதை, இவர் சமையலறையில் அரிசி களைகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறார்.

இறங்கும்போது சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்காரங்க வாறாங்க மைனி. பவுன் பேச்சு அவங்க எடுக்கிறதுக்கு முன்னாலேயே ஒண்ணும் வேண்டாம்னு நான் சொல்லிடப் போறேன்."

மைனி படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "அவங்களுக்கிட்ட சொல்றது எளுப்பம் தம்பி. இன்னைக்கு ராத்திரி உங்க பொஞ்சாதிக்கிட்ட சொல்லுங்க பாப்போம்."