சும்மா நிக்கிற கை

சிங்கப்பூர்ல ஆறு வருஷம் சிக்னல்மேன் வேலைன்னு சொன்னா ஊர்ல பாதிப்பேரு ரயில்வேன்னுதான் நினைச்சுக்கிட்டாங்க, எங்க மாமா ஒருத்தரு என் கல்யாணப் பேச்சு எடுத்தப்போ "என்ன மாப்ள, பச்சைக்கொடி காட்டிறலாமா"ன்னு ஒரே கிண்டல். கொடியெல்லாம் கிடையாதுங்க, வெறும் கைதான். கிரேன் ஓட்டுறவருக்கு கீழ நடக்குறதுல பாதி தெரியாது, அவருக்கு கண்ணு நாமதான்.

ஆள்காட்டி விரலை மேல நீட்டி சின்னதா வட்டம் போட்டா தூக்கு, அதையே கீழ காட்டி வட்டம் போட்டா இறக்கு. கையை பக்கவாட்டுல நீட்டி கட்டைவிரல் மேல பாத்தா பூமை, அதாவது கிரேனோட நீளமான கையை, தூக்கணும், கீழ பாத்தா பூமை இறக்கணும். கோர்ஸ்ல இதெல்லாம் சீக்கிரமே மண்டையில ஏறிடும். ஏறாதது ஒண்ணுதான், சொல்ல எதுவும் இல்லாதப்போ கையை என்ன பண்றதுன்னு. நாமதான் ஃபோன்ல பேசும்போதே கையை ஆட்டி ஆட்டி பேசுற ஆளுங்களாச்சே.

சேர்ந்து மூணாவது மாசம்னு நினைக்கிறேன். க்ராலர் கிரேன்ல, அதான் டேங்க் மாதிரி பட்டையில நகர்ற கிரேன்ல, கம்பிக்கட்டு தொங்குது, தரையில இருந்து ஒரு ஆள் உயரம் இருக்கும். டேக் லைன், அதாவது லோடு சுத்தாம இருக்க கட்டுற கயிறு, அதை பிடிச்சிருந்த பையன் "அண்ணே ஓகேவா"ன்னு கத்துனான், நானும் யோசிக்காம அவன் பக்கம் கையை நீட்டி கட்டைவிரலை காமிச்சேன். அவ்ளோதான், மேல கிரேன் ஓட்டுற அங்கிள் பூமை தூக்க ஆரம்பிச்சிட்டாரு. பூம் ஏறுனா லோடு மேல மட்டும் போகாது, கிரேன் பக்கமா உள்ளயும் வரும், கம்பிக்கட்டு அப்படியே அந்தப் பையனை நோக்கி நகருது, அவன் கயிறை விட்டுட்டு பின்னாடி குதிச்சான், லோடு கட்டிவிடுற ரிகர் ஒருத்தரு ரெண்டு கையையும் விரிச்சு ஸ்டாப் காட்டுனதுல நின்னுச்சு. சிக்னல் ஒருத்தர்கிட்ட இருந்துதான் வாங்கணும், ஆனா ஸ்டாப் மட்டும் யாரு காட்டுனாலும் நிறுத்தியே ஆகணும். அந்த ரூல் மட்டும் இல்லன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்குமோ.

அங்கிள் சீனக்காரரு, அறுபதை நெருங்குற வயசு. கீழ இறங்கி வந்து திட்டுவாருன்னு பாத்தா திட்டவே இல்ல, என் ரெண்டு கையையும் பிடிச்சு வயித்துக்கு நேரா கோத்து வச்சிட்டு போயிட்டாரு. அவருக்கு தமிழ் தெரியாது, எனக்கு சீனம் தெரியாது, அங்க ரெண்டு கையையும் முன்னால கோத்தா "எல்லாத்தையும் அப்படியே நிறுத்து"ன்னு அர்த்தம். சிக்னலாவும் எடுத்துக்கலாம், அட்வைஸாவும் எடுத்துக்கலாம்.

அதுக்கப்புறம் வேர்வையை துடைக்கணும்னாகூட மொதல்ல ஸ்டாப் காட்டிட்டுதான் துடைப்பேன். மத்தியானம் வெயில்ல அது எவ்ளோ கொடுமைன்னு நின்னு பாத்தாதான் தெரியும்.

ஆபரேட்டரு கண்ணுக்கு மறைவான இடத்துல லோடு தூக்கணும்னா வாக்கி டாக்கி. அது இதுக்கு நேர் எதிரு. அங்க வாயை மூடவே கூடாது, "டவுன், டவுன், ஸ்லோ"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், சத்தம் நின்னா ஆபரேட்டரு நிறுத்திடுவாரு. சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி ஹார்பர்ல பழைய ஆளுங்க "ஆரியா"ன்னா இறக்கு, "ஹாபிஸ்"னா தூக்குன்னு கத்துவாங்க, ஆரியா போர்ச்சுக்கீசு கப்பல்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தையாம். எனக்கு வாக்கி டாக்கி அவ்வளவா பிடிக்காது. கைன்னா ஒரு பார்வைல முடிஞ்சுரும்.

போன மாசம் ஊர்ல வீட்டுக்கு ஜல்லி இறக்க டிப்பர் ரிவர்ஸ்ல வருது, நாலு பேரு நாலு விதமா கை காட்டுறாங்க, ஒருத்தரு வா வாங்குறாரு இன்னொருத்தரு ஒடிங்குறாரு, பின்னாடி சுவரு இருக்கேன்னு நான் ரெண்டு கையையும் விரிச்சு ஸ்டாப் காட்டுனேன். டிரைவரு கண்ணாடியில என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே "ஆங், வரேண்ணே"ன்னு நேரா கொண்டு போய் சுவத்துல இடிச்சிட்டாரு.