ஒரு தடவை அளந்தால் போதாது

"வெப்சைட் பக்கம் 1.4 வினாடியில் திறக்குது" என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால், நான் முதலில் கேட்பது: எத்தனை தடவை அளந்தீர்கள்?

இன்று ஒரே பக்கத்தை ஒரே கணினியில் பதினைந்து தடவை திறந்தேன். முதல் தடவை மெதுவாக வந்தது. அப்புறம் படங்கள் கேஷிலிருந்து (பிரவுசர் முன்பே சேமித்து வைத்த நகலிலிருந்து) வந்ததால் பறந்தது. பத்தாவது தடவை திடீரென்று இழுத்தது. பார்த்தால், வேறொரு டேபில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கிறது! அந்த ஒரு எண்ணே சராசரியைக் கெடுத்துவிட்டது. அதனால் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கேஷ் காலியாக இருக்கும்போது ஒரு கணக்கு, நிரம்பியிருக்கும்போது ஒரு கணக்கு. இரண்டையும் கலக்கவே கூடாது. எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணைக் கருவி) எதுவும் இல்லாத தனி பிரவுசர் புரொஃபைலும் வேண்டும்.

கடிகாரமும் முக்கியம். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நேரம் பார்க்க உதவும் டேட்.நவ் (Date.now), கணினியின் நேரத்தைத் திருத்தினால் குதித்துவிடும். அதிலேயே இருக்கும் இன்னொரு கடிகாரமான பெர்ஃபார்மன்ஸ்.நவ் (performance.now) பின்னால் போகாது. ஆனால் 2018-ல் பிராசசர்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்ததும், பாதுகாப்புக்காக பிரவுசர்கள் அதன் துல்லியத்தையும் குறைத்தன. எனவே மில்லிவினாடியின் சிறு பின்னங்களுக்காக யாரும் வாதாட வேண்டாம்.

சரி, எதை அளப்பது? லோட் ஈவன்ட் (பக்கம் ஏற்றப்பட்டுவிட்டது என்று பிரவுசர் அறிவிக்கும் தருணம்) மட்டும் போதாது. அது முடிந்த பிறகும் ஜாவாஸ்கிரிப்ட் பெரிய படத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம். வாசகர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எல்சிபியை (Largest Contentful Paint) பாருங்கள், திரையின் மிகப்பெரிய படமோ பத்தியோ தெரியும் நேரம் அது. கூகுள் சொல்லும் வரம்பு 2.5 வினாடி, அதுவும் உண்மையான வருகைகளில் 75 சதவீதத்துக்கு. நம்முடைய வேகமான லேப்டாப்பில் கிடைத்த எண்ணை அதோடு ஒப்பிடாதீர்கள், தயவுசெய்து.